வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: தண்ணீர் நின்ற மெஷினும் ஓர் ஐந்து ரூபாய்க் காசும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கவுண்டம்பாளையத்தில் பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கும் வாஷிங் மெஷின் சர்வீஸ் கடை என்றால் உங்களில் பலருக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. கீழே டீ குடிக்க வந்து, அப்படியே மாடியேறி, "மெஷின் தண்ணி விட மாட்டேங்குது, ஓர் ஆளை அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் பாதிப் பேர். இத்தனை வருடத்தில் உங்களுக்கு மடல் எதுவும் நான் எழுதியதில்லை. ஆயுத பூஜைக்குப் பொரி கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். இப்போது எழுத வேண்டியதாகிவிட்டது.

விஷயம் சிலருக்கு ஏற்கெனவே தெரியும். சரவணம்பட்டிப் பக்கம் ஓர் அபார்ட்மென்ட்டின் வாட்ஸ்அப் குழுவில் நம்ம கடையைப் பற்றி ஒருவர் எழுதினார். அது மூன்று நான்கு குழுக்களைச் சுற்றி, கடைசியில் என் மச்சினர் போனுக்கே வந்து சேர்ந்தது. "ஐந்து நிமிட வேலை. ஃபில்டரைத் திருகி ஓர் ஐந்து ரூபாய்க் காசை எடுத்தார்கள். பில் 650 ரூபாய்." அவர் எழுதியது இவ்வளவுதான். அதற்குக் கீழே ஒருவர் பகல் கொள்ளை என்கிறார். இன்னொருவர், "காசை அவங்களே போட்டு எடுத்திருப்பாங்க" என்கிறார். அதற்குச் சிரிப்புப் பொம்மைகள் வேறு.

650 அதிகம் என்றால் உட்கார்ந்து பேசலாம், கணக்குக் காட்டலாம். நாங்களே காசைப் போட்டோம் என்றால் அதற்கு என்ன பதில் சொல்வது? அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

அது ஒரு சனிக்கிழமை. ஏழாவது மாடி, ஃப்ரண்ட் லோட் மெஷின், அதாவது முன்பக்கம் கதவு வைத்தது. துவைத்து முடிக்கும் நேரத்தில் நின்றுவிட்டது, கதவு திறக்கவில்லை, உள்ளே பிள்ளையின் யூனிஃபார்ம் இருக்கிறது என்று போன். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அந்த மாதிரி மெஷினில் கதவுப் பூட்டு விடாது. பலவந்தமாக இழுத்தால் கைப்பிடிதான் உடையும். எனவே முதல் வேலை தண்ணீரை இறக்குவது. ஃபில்டருக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு சின்னக் குழாய் உண்டு. அந்த வீட்டில் அதுவும் சோப்புக் கசடில் அடைத்திருந்தது. நம்ம பையன் ஃபில்டரைக் கால்வாசி மட்டும் திருகி, தட்டையான ஒரு தட்டில் பிடித்துக் கொட்டி, மறுபடி மூடி, மறுபடி திறந்து, இப்படியே ஒன்றரை வாளித் தண்ணீரை இறக்கினான். முழுசாகத் திறந்துவிட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும், ஹாலும் நனைந்திருக்கும்.

அப்புறம்தான் காசு வந்தது. காசோடு ஒரு ஹேர்பின், ஒரு பந்து நூல். பில்லில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. ஃபில்டருக்குப் பின்னால், தண்ணீரை வெளியே தள்ளும் பம்பின் விசிறியில், உள்ளாடைக் கம்பி ஒன்று சுற்றிக்கொண்டு நின்றது. தண்ணீரை நிறுத்தி வைத்தது அந்தக் கம்பிதான், காசு பாவம் சும்மா கிடந்தது. கம்பியை எடுத்து, ஃபில்டர் ரப்பரைச் சரியாக உட்கார வைத்து, ஒருமுறை அலசிப் பிழியவிட்டு, ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினான். மொத்தம் ஒரு மணி பத்து நிமிடம். அந்தக் காசைச் சுற்றிக் கசடு கெட்டியாகப் பிடித்திருந்தது, ஒரே நாளில் வருகிற கசடில்லை அது. துடைத்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தான். அந்த ஐந்து ரூபாயைக்கூட நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது. வீட்டுக்காரர் ஏதோ மீட்டிங்கில் இருந்தார், கடைசி ஐந்து நிமிடம்தான் வந்து நின்று பார்த்தார். பையன் புதியவன், வாய் பேச மாட்டான், பில்லில் 'சர்வீஸ்' என்று ஒரே வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டான். கம்பியை எடுத்துக் காட்டி, இதனால்தான் நின்றது என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்காக அந்த வாடிக்கையாளரிடம் போனில் வருத்தம் தெரிவித்துவிட்டேன். அவரும் தன்மையாகத்தான் பேசினார். அந்தச் சிரிப்புப் பொம்மைக்காரர் யார் என்று நான் கேட்கவில்லை.

சரி, இதில் உங்களுக்கு உபயோகமாகவும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம்மைக் கூப்பிடாமலே பலர் வீட்டில் இதைச் சரிசெய்யலாம். தொழிலுக்கு நஷ்டம்தானே என்று மச்சினர் கேட்டார். இருக்கட்டும்.

மெஷின் திரையில் எல்ஜி என்றால் 'ஓஈ' (OE), சாம்சங் என்றால் '5ஈ' (5E) அல்லது '5சி' (5C), போஷ் என்றால் 'ஈ18' (E18) என்று வந்தால் தண்ணீர் வெளியேறவில்லை என்று அர்த்தம். எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது என்று பதற வேண்டாம். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறவிடுங்கள். பிறகு மெஷினை முன்னால் இழுத்துப் பின்னால் தண்ணீர் வெளியேறும் பைப்பைப் பாருங்கள். வீட்டைக் கழுவிவிட்டு மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருப்போம், பைப் மடங்கியிருக்கும். பொங்கலும் தீபாவளியும் முடிந்த வாரத்தில் நமக்கு வரும் போன்களில் நிறைய இந்த மடிப்புதான்.

ஃப்ரண்ட் லோடில் ஃபில்டர் பெரும்பாலும் முன்பக்கம் கீழ் மூலையில் ஒரு சின்ன மூடிக்குள் இருக்கும். தட்டும் பழைய துணியும் வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள். உள்ளே டார்ச் அடித்தால் விசிறி தெரியும். விரலால் சுற்றிப் பாருங்கள், தடங்கித் தடங்கித்தான் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி, பம்ப் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். சத்தத்தை வைத்தும் ஓரளவு சொல்லலாம். 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு தண்ணீர் போகவில்லை என்றால் எதுவோ சிக்கியிருக்கிறது. சத்தமே இல்லை என்றால் பம்பின் கம்பிச்சுருள் எரிந்திருக்கலாம், எலி ஒயரைக் கடித்திருக்கலாம், போர்டாகவும் இருக்கலாம். அதற்கு எங்களைக் கூப்பிடுங்கள். நன்றாக ஓடுகிறது ஆனால் தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால் பைப்பில் அடைப்பு.

மேலிருந்து துணி போடும் டாப் லோட் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. பல டாப் லோட் மெஷின்களில் பம்பே கிடையாது. ஒரு சின்ன மோட்டார் வால்வை இழுத்துத் திறக்கும், தண்ணீர் தன் கனத்திலேயே தரையோடு ஓடும். அந்தப் பைப்பை பாத்ரூம் நிலைப்படிக்கு மேலே தூக்கிப் போட்டால் தண்ணீர் எப்படி மேலே ஏறும்? வடவள்ளியில் ஒரு வீட்டில் இதற்காக மூன்று முறை மெஷினைப் பிரித்திருக்கிறார்கள் (நாங்கள் இல்லை, வேறு இடம்). நிலைப்படியில் சின்னதாய் ஒரு ஓட்டை போடச் சொல்லிவிட்டு வந்தோம். செமி ஆட்டோமேட்டிக்கிலும் இதே கதைதான், பைப் தரையில் கிடக்க வேண்டும். ஃப்ரண்ட் லோடுக்கு நேர் எதிர்: பைப்பின் முனை தரையிலிருந்து சுமார் 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். கீழே போட்டால் மெஷின் எடுக்கிற தண்ணீரெல்லாம் தானாகவே ஓடிவிடும்.

கை துவைக்கும் பவுடரைக் கரண்டி கரண்டியாகக் கொட்டாதீர்கள். நுரை நிறைந்தாலும் பம்ப் திணறும். போர்வெல் தண்ணீர் வீடுகளில் உப்பு படியும். உப்பில்லாத சிறுவாணி அணைத் தண்ணீர் வரும் வீட்டு மெஷினையும் போர்வெல், லாரித் தண்ணீர் வீட்டு மெஷினையும் பிரித்துப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே வயது என்று நம்ப மாட்டீர்கள். இதனால்தான் புது பம்புக்கு நாம் கொடுத்துவந்த ஆறு மாத கேரண்டி இனி மூன்று மாதம். மாதம் ஒருமுறை ஃபில்டரைத் திறந்து கழுவினாலே பாதித் தொல்லை இல்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். பதினொரு வருடம் நம்மோடு இருந்த பெரிய டெக்னீஷியன் சொந்த ஊரான பொள்ளாச்சிக்கே போய்த் தனியாகக் கடை போட்டுவிட்டார். நல்லா இருக்கட்டும். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாமல் வந்தவர் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அவரைக் கேட்டு இன்னமும் போன் வருகிறது. இப்போது இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், கை சுத்தம், வேலையும் சுத்தம், வேகம் மட்டும் போகப் போக வரும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய பிறகும் பழைய 350 ரூபாய் விசிட் சார்ஜிலேயே ஓட்டினோம். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து 450. வேலை என்ன, எவ்வளவு நேரம், என்ன கிடைத்தது என்று பில்லில் தனித்தனியாக எழுதுவோம். எடுத்த பொருளை உங்கள் முன்னால் வைத்துப் படமும் எடுப்போம். பையன்கள் வேலை செய்யும்போது பத்து நிமிடமாவது பக்கத்தில் நில்லுங்கள்.

கடையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. மெஷின்களில் கிடைத்து, வேண்டாம் என்று நீங்கள் சொன்ன பட்டன், ஊக்கு, கம்பியெல்லாம் அதில்தான் கிடக்கின்றன. காசு ஒன்றுகூட இல்லை, வந்து பார்க்கலாம். ஒருமுறை சாய்பாபா காலனி அம்மா ஒருவருடைய கல் வைத்த மூக்குத்தி பம்புக்குள் கிடைத்தது. காணாமல் போனதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த வீட்டில் இன்றுவரை காபி இல்லாமல் எங்களை அனுப்புவதில்லை.

அவரைப் போன்றவர்களால்தான் இந்தக் கடை நிற்கிறது. லாக்டவுன் நாட்களில் கடை மூடிக் கிடந்தபோது, வேலையே நடக்காமல் "அட்வான்ஸா வச்சுக்கங்க" என்று பணம் அனுப்பிய நான்கு குடும்பங்களை நான் மறக்கவில்லை. அந்த வாட்ஸ்அப் குழுவிலேயே இரண்டு பேர் எங்களுக்காகப் பேசியிருக்கிறார்கள். முகம் தெரியாவிட்டாலும் அவர்களுக்கு என் நன்றி.

போன் நம்பர் அதேதான். ஞாயிறு மட்டும் இனி விடுமுறை. பையன்கள் வரும்போது ஒரு வாளியும் பழைய துண்டும் எடுத்து வைத்தால் போதும், தட்டு நாங்களே கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாடிக் கடைக்காரன்
கவுண்டம்பாளையம், கோவை