பீஸ் கோரும் உளவு வேலையும்

ஆசிரியருக்கு,

வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் அமெரிக்க அரசு அமைப்பான பீஸ் கோரில் தொண்டு செய்தவர்களை அந்நாட்டு ராணுவ உளவுப் பிரிவில் எளிதில் சேர்ப்பதில்லை என்றதும் பலர் அநியாயம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1961இல் அதிபர் கென்னடி இந்த அமைப்பைத் தொடங்கிய நாளிலிருந்தே, இதன் தொண்டர்கள் ஒற்றர்கள் என்ற சந்தேகம் துரத்துகிறது; 2002இல் ரஷ்யாவும் அதையே சொன்னது. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வில் சேரவே, தொண்டு முடிந்து 5 ஆண்டு இடைவெளி வேண்டும், ராணுவமோ பல உளவுப் பணிகளுக்கு பீஸ் கோர் அனுபவத்தையே தடையாக வைத்திருக்கிறது. மொழியும் ஊரும் தெரிந்த ஆளை ஒதுக்குவது இழப்புதான், சரி. ஆனால் நேற்று கிராமத்தில் பாடம் நடத்தியவர் இன்று உளவு அதிகாரி என்றால், இப்போது அங்கே இருக்கிற தொண்டரை யார் நம்புவார்கள்? பொலிவியாவில் அமெரிக்கத் தூதரக அதிகாரி ஒருவர் இந்தத் தொண்டர்களிடம் தகவல் கேட்டதே எவ்வளவு பெரிய சிக்கலானது! பீஸ் கோரில் சேரும்போதே இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

– ஒரு வாசகர், மதுரை