கைதட்டியதற்காக, அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

வருகிற சனிக்கிழமை என் குறும்படத்துக்குச் சின்னதாய் ஒரு விருது தருகிறார்கள். மேடையில் இரண்டு நிமிடம் பேச வேண்டுமாம். என்ன பேசுவதென்று யோசித்தால், தேங்காய்த் திருவலையில் குந்தியிருக்கும் நீங்கள்தான் கண்ணுக்குள் வருகிறீர்கள்.

2009 பெப்ரவரி 23, திங்கட்கிழமை. வெளியே ஊரடங்கு. இரவுச் செய்தியில் ஒஸ்கார் விழா. இரண்டு விருது வாங்கிய ஏ.ஆர்.ரகுமான் அந்த மேடையில் தமிழில், "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்றார். நான் எழும்பி நின்று கைதட்டினேன். குசினிக்குள் நீங்கள் தேங்காய் திருவிய சத்தம் நிற்கவில்லை. தேங்காய்ப்பூ முடிந்த பிறகும் நிற்கவில்லை. அன்றைய சம்பலில் சிரட்டைத் தூள் கறுப்புக் கறுப்பாய்க் கிடந்தது. ஒருவரும் வாய் திறக்காமல் சாப்பிட்டோம்.

வெறுப்பா அன்பா என்று வந்தபோது அன்பைத் தெரிவுசெய்தேன் என்றும் அவர் சொல்லியிருந்தார். அதை நான் உங்களுக்குச் சொன்னது பெரிய பிழை. "தெரிவுசெய்ய எங்களுக்கு என்னத்தை வைச்சவங்கள்?" என்று கேட்டீர்கள். அப்போது போர் நடந்துகொண்டிருந்த வன்னியிலிருந்து அத்தானின் சேதி வந்து எத்தனை நாள் என்று நான் எண்ணியிருக்கவில்லை. நீங்கள் எண்ணியிருந்தீர்கள்.

மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, அக்கா. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எங்கள் மொழி ரீவியில் செத்தவர்களின் கணக்கோடு மட்டுமே வந்த காலம் அது. அது வேறெதற்காவது ஒலித்தால் கை தானாகத் தட்டும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பாடகி மாயா அருள்பிரகாசத்தின் பெயரும் அன்று ஒஸ்கார் பாடல் விருதுக்கான பரிந்துரைப் பட்டியலில் ரகுமானோடு இருந்தது, தெரியுமா? கேட்டிருக்கமாட்டீர்கள். என்னை எதுவும் சொல்ல விட்டதேயில்லை நீங்கள். கல்யாணவீடு, அந்தியேட்டி என்று எங்கே கண்டாலும், "இவன் கைதட்டினவன்" என்று ஆட்களுக்கு முன்னால் சொல்லிக்காட்டுவீர்கள். எனக்கும் அவர் அத்தான்தானே?

இதை ஊரே வாசிக்கும். ஆகவே மே மாதத்தைப் பற்றி எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும்.

நான் கமெரா தூக்கியது அந்த இரவால்தான். கைதட்டலாலா, சம்பலாலா என்று கேட்டால் பதில் இல்லை. படத்தில் ஒரு பெண் தேங்காய் திருவுகிறாள். முகத்தைக் காட்டவில்லை, பயப்படாதீர்கள்.

முன் வரிசையில் ஒரு கதிரை சொல்லி வைத்திருக்கிறேன். வாருங்கள். கைதட்ட வேண்டாம். வராவிட்டால் அந்தக் கோபத்தை நானும் கொஞ்சக் காலம் வைத்திருப்பேன்.

உங்கள் தம்பி