தண்ணீரைக் குறை, செல்வம்

அன்புள்ள செல்வம்,

கடிதமும் படமும் வந்து சேர்ந்தன. பெரியவளுக்குக் கேட்ட படிப்பிலேயே இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். என் வாழ்த்தைச் சொல். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

இனி உன் மாட்டுக்கறி பார்பகோவா, அதாவது மிளகாய் விழுதோடு மெதுவாக வேகவைத்துப் பிய்த்துப் போடும் மெக்ஸிகன் கறி. படத்தைப் பார்த்ததுமே பாதி விஷயம் புரிந்துவிட்டது: ஸ்லோ குக்கர் (மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பானை) நிறைய ரசம் மாதிரி சிவப்புத் தண்ணீர், அதில் சாம்பல் நிறத்தில் நாலு துண்டு. எட்டு மணி நேரம் வைத்தும் பிய்யவில்லை, சப்பென்று இருக்கிறது, மிளகாய் கசக்கிறது என்று மூன்று புகார் எழுதியிருக்கிறாய். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. இதில் சப்பென்று போனதற்கு நீ ஊற்றிய நாலு கப் தண்ணீர்தான் காரணம்.

முதலில் கறி. கொழுப்பில்லாததாகப் பார்த்துத் தொடைப்பகுதி வாங்கினாய். குழம்புக்குச் சரி, இதற்கு ஆகாது. பிய்த்துப் போடும் கறிக்குத் தோள்பட்டையிலிருந்து வரும் சக் ரோஸ்ட் வேண்டும். அதில் வெள்ளை நரம்பும் சவ்வும் ஓடும். அந்தச் சவ்வில் உள்ள கொலாஜன் மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாக மாறித்தான் நார்களுக்கு நடுவே வழவழப்பைத் தருகிறது. தொடைக்கறியில் அது குறைவு. அதனால் எத்தனை மணி நேரம் வைத்தாலும் காய்ந்த நாராகத்தான் வரும். மெக்ஸிகன் இறைச்சிக்கடை பக்கத்தில் இருந்தால் கச்சேத்தே, அதாவது மாட்டுக் கன்னம், கேட்டுப் பார். தெற்கு டெக்ஸாஸில் பார்பகோவா என்றால் மாட்டுத்தலைதான். பிரௌன்ஸ்வில்லில் வேராஸ் என்ற கடையில் இன்னும் குழி வெட்டி, விறகுத் தணலில் இரவு முழுக்கத் தலையைப் புதைத்து வேகவைக்கிறார்கள். 2020-இல், அமெரிக்காவில் உணவகங்களுக்குத் தரும் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருதுகூட அந்தக் கடைக்குக் கிடைத்தது. மெக்ஸிகோவின் இடால்கோ பக்கம் போனால் ஆட்டுக்கறி, சுற்றிலும் மகெய் கற்றாழை மடல். நம் ஸ்லோ குக்கரின் பீங்கான் பானையில் அந்தப் புகைமணம் வராது. டப்பாவில் வரும் சிப்போட்லே, அதாவது புகையில் உலர்த்திய மிளகாய், கொஞ்சம் ஈடு கட்டும்.

ஒன்றரைக் கிலோ சக்குக்குக் கணக்கு சொல்கிறேன். நாலு பெரிய துண்டாக மட்டும் வெட்டு. சின்னதாக நறுக்கினால் நார் குட்டையாகிக் கூழாகிவிடும். மூன்று டீஸ்பூன் தூள் உப்பை முதல் நாள் இரவே தடவி ஃபிரிட்ஜில் வை. காலையில் ஈரத்தைத் துடைத்து, கனமான இரும்புச் சட்டியில் எண்ணெய் புகையத் தொடங்கும்போது ஒவ்வொரு பக்கமும் நாலு நிமிஷம் அசைக்காமல் விடு. சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்று சொல்வார்களே, அது உண்மை இல்லை. நிறத்துக்கும் வறுவல் மணத்துக்கும்தான் இந்த வேலை. ஸ்லோ குக்கருக்குள் கறி ஒருநாளும் சிவக்காது. உன் படத்தில் இருந்த சாம்பல் நிறம் அதனால்தான்.

மிளகாய்க்கு ஆறு குவாஹியோ, மூன்று ஆஞ்சோ (இரண்டும் மெக்ஸிகன் காய்ந்த மிளகாய்), டப்பா சிப்போட்லே இரண்டு. காய்ந்த மிளகாயின் காம்பும் விதையும் நீக்கு. தோசைக்கல்லை மிதமான சூட்டில் வைத்து, மிளகாயை விரித்துப் போட்டு, ஒரு பக்கத்துக்கு இருபது விநாடிதான். தோல் லேசாக உப்பி மணம் வந்ததும் எடுத்துவிடு. நம் ஊரில் வறுக்கிற மாதிரி கருக விட்டால் அந்தக் கசப்பை வெல்லம் போட்டாலும் மாற்ற முடியாது. உன் மூன்றாவது புகார் இதுதான். வறுத்ததை வெந்நீரில் இருபது நிமிஷம் ஊறவை. ஊறிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பார், கசந்தால் கொட்டிவிடு.

குவாஹியோ கிடைக்காவிட்டால் காஷ்மீரி அல்லது பியாடகி மிளகாய் போடலாம். நிறம் வரும், காரம் கட்டுக்குள் இருக்கும். ஆஞ்சோவின் உலர்பழ இனிப்பு மட்டும் வராது. அதற்கு ஒரு டேபிள்ஸ்பூன் உலர்திராட்சையைக் கூட ஊறவைத்து அரை. குண்டூர் மிளகாயை மட்டும் தொடாதே. ஒன்பது மிளகாய் அதில் போட்டால் யாரும் வாயில் வைக்க முடியாது.

ஊறிய மிளகாய், சிப்போட்லே, சுட்ட தக்காளி இரண்டு, ஒரு வெங்காயம், பூண்டு ஆறு பல், வறுத்த சீரகம் ஒரு டீஸ்பூன், கிராம்பு மூன்று, மெக்ஸிகன் ஓரிகானோ ஒன்றரை டீஸ்பூன், ஆப்பிள் சைடர் வினிகர் மூன்று டேபிள்ஸ்பூன். இதோடு அரை கப் தண்ணீர், அவ்வளவுதான். பீட்ஸாமேல் தூவும் ஓரிகானோ வேறு செடி, புதினாக் குடும்பம். மெக்ஸிகன் ஓரிகானோவில் எலுமிச்சை வாடை அடிக்கும். நைஸாக அரைத்துக் கண்டிப்பாக வடிகட்டு, இல்லாவிட்டால் மிளகாய்த் தோல் பல்லில் ஒட்டும். வடித்த விழுதை இரண்டு ஸ்பூன் எண்ணெயில், நிறம் இருண்டு எண்ணெய் ஓரத்தில் கசியும் வரை ஆறேழு நிமிஷம் வதக்கு. பச்சை வாசனை போவதும் இங்கேதான். நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது பானைக்கு வருவோம். பிரஷர் குக்கருக்குள் 120 டிகிரி வரை போகும். ஸ்லோ குக்கர் கொதிநிலைக்குக் கீழேயே, 95 டிகிரிப் பக்கம் நிற்கும். நீராவி வெளியே போகாது. மூடியில் படிந்த நீர் திரும்பப் பானைக்குள்ளேயே விழும், கறியும் தன் பங்குக்கு நீர் விடும். ஆகவே விழுதும் இரண்டு பிரிஞ்சி இலையும் போதும். கறி மூழ்கவே கூடாது. குக்கரின் 'லோ' அமைப்பில் எட்டிலிருந்து ஒன்பது மணி நேரம், 'ஹை' அமைப்பில் ஐந்திலிருந்து ஆறு. பெரும்பாலான மாடல்களில் இரண்டும் கடைசியில் போய்ச் சேரும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். எவ்வளவு சீக்கிரம் சேர்கிறது என்பதில்தான் வித்தியாசம். எனக்கு லோதான் பிடிக்கும், ஓரம் கருகாது.

மூடியைத் திறந்து திறந்து பார்க்காதே. ஒரு தடவை திறந்தால் இழந்த சூடு திரும்ப இருபது, முப்பது நிமிஷம் பிடிக்கும். பானை பாதிக்கு மேல், முக்காலுக்குக் கீழ் நிறைந்திருக்க வேண்டும். ஆறு லிட்டர் பானையில் அரைக் கிலோ கறி போட்டால் அடி பிடிக்கும். உறைந்த கறியை அப்படியே போடாதே, ரொம்ப நேரம் வெதுவெதுப்பிலேயே கிடந்து கெட்டுப்போகும். கூடவே ராஜ்மா போடலாமா என்று கேட்டிருந்தாய். பச்சையாக ஊறவைத்ததை மட்டும் போடாதே. ஸ்லோ குக்கர் சூட்டில் அதிலிருக்கும் நச்சு அழியாது. அடுப்பில் பத்து நிமிஷமாவது நன்றாகக் கொதிக்க வைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

வெந்ததா என்பதைக் கடிகாரம் சொல்லாது. முள்கரண்டியைத் தடித்த துண்டின் நடுவில் குத்தித் திருப்பு. தானாகக் கழன்றால் சரி. ரப்பராக எதிர்த்தால் அதிகம் வெந்ததாக நினைத்து அணைத்துவிடாதே, சவ்வு இன்னும் கரையவில்லை. இன்னொரு மணி நேரம் விடு. தெர்மாமீட்டர் இருந்தால் உள்ளே 93 முதல் 96 டிகிரி காட்ட வேண்டும்.

கறியை வெளியே எடுத்து கால் மணி ஆறவிட்டு, விரல் நீளத்துக்கு இரண்டு முள்கரண்டியால் பிய்த்துப் போடு. சாற்றின் மேல் மிதக்கும் கொழுப்பை எடுத்துத் தனியே வை. சாற்றை அகலச் சட்டியில் ஊற்றிப் பாதியாகச் சுண்டும் வரை கொதிக்கவை. உப்பைச் சுண்டிய பிறகுதான் சரி பார்க்க வேண்டும். பிய்த்த கறியில் பாதிச் சாற்றை ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டால் குடித்துக்கொள்ளும், வேண்டுமானால் மிச்சத்தைச் சேர். பரிமாறும் முன் எடுத்து வைத்த கொழுப்பை இரும்புச் சட்டியில் காயவைத்து, கறியைப் பரப்பி மூன்று நிமிஷம் கிளறாமல் விடு. ஓரம் மொறுமொறுவென்று வரும். எலுமிச்சம்பழத்தைக் கடைசியில் பிழி.

கறியை வைத்துத் தின்னும் மெக்ஸிகன் ரொட்டியான டார்ட்டியாவுக்கு இந்தியக் கடை மக்காச்சோள மாவை வாங்காதே. டார்ட்டியாவுக்கான மசா மாவு சுண்ணாம்பு நீரில் வெந்த மக்காச்சோளத்தில் அரைத்தது, அதனால்தான் பிசைந்தால் சேர்ந்து நிற்கிறது. நம் மாவு உதிரும். கடை டார்ட்டியாவே போதும், தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சூடாக்கித் துணியில் சுற்றி வை. மேலே பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, பச்சை சல்சா (மெக்ஸிகன் சட்னி). சீஸையும் லெட்யூஸையும் உன் பிள்ளைகள் கேட்பார்கள், கொடு. எனக்கு இந்தக் கறியின் மேல் அது வீண்.

மிச்சத்தைச் சாறோடு தட்டையான டப்பாவில் போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வை, மூன்று நாலு நாள் தாங்கும். மறுபடி சூடாக்க அடுப்புதான், ஸ்லோ குக்கர் வேண்டாம். அந்தப் பீங்கான் பானையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சூட்டில் வைக்காதே, விரிசல் விடும்.

எந்த மிளகாய் கிடைத்தது என்று எழுது. அதைப் பார்த்துப் பச்சை சல்சாவுக்குக் கணக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
குமார்