கிளிக்குக் காரம் தெரியாது

அன்புள்ள கமலா,

உன் கடிதத்தை இவருக்கும் படித்துக் காட்டினேன். கிளித் தொல்லை தாங்காமல் கொய்யா மரத்தையே வெட்டிவிடலாமா என்று நீ எழுதியிருந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். கணக்கு வரவில்லை என்றால் நோட்டையே கிழித்துப் போட்டவள்தானே நீ! மரத்தை விட்டுவை. கிளிக்கு வேறு வழி பார்ப்போம்.

முதலில் அந்த மிளகாய்க் கரைசல். யாரோ சொன்னார்கள் என்று மரம் முழுக்கத் தெளித்தாயாம், மறுநாளே கிளிகள் வந்து உட்கார்ந்தனவாம். வராமல் என்ன செய்யும்? பறவைகளுக்கு மிளகாய் உறைக்கவே உறைக்காது. நம் நாக்கில் எரிச்சலை உணர்த்தும் ஏற்பி பறவைகளிடமும் உண்டு, ஆனால் மிளகாய்க்குக் காரம் தருகிற காப்சைசின் என்ற பொருளை அது கண்டுகொள்வதே இல்லை. எலி, அணில் வகைகளுக்கு நம்மைப் போலவே எரியும். ஆகவே நீ அணிலைக் கொஞ்சம் விரட்டி, கிளிக்குப் போட்டியைக் குறைத்துக் கொடுத்திருக்கிறாய்.

பழைய சிடி, மினுங்கும் ரிப்பன், பிளாஸ்டிக் ஆந்தை எல்லாம் சில நாள் கூத்து. இடம் மாற்றி மாற்றி வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். அப்புறம் ஆந்தையின் தலையிலேயே மைனா உட்கார்ந்துவிடும்.

நான் நம்புவது பை கட்டுவதைத்தான். பழைய மெல்லிய ஜன்னல் திரையை வெட்டி, வாயில் நாடா கோத்துத் தைத்துவிடுவேன். காய் எலுமிச்சை அளவுக்கு வந்ததும் கட்டிவிட வேண்டும். நாடாவைக் காம்பில் இறுக்காதே, காம்புக்கு மேலே இருக்கிற சிறு கிளையோடு சேர்த்துக் கட்டு. காம்பிலேயே கட்டினால் காற்றில் ஆடி ஆடிக் காய் உதிர்ந்துவிடும். பை தொளதொளவென்று இருக்கட்டும். துணி பழத்தோடு ஒட்டினால் பழ ஈ வெளியிலிருந்தே குத்தி முட்டையிட்டுவிடும். கட்டும் முன் காயை ஒரு சுற்றுத் திருப்பிப் பார். ஈ குத்திய சின்னக் கரும்புள்ளி இருந்தால் அதற்குப் பை கட்டுவது புழுவுக்குக் காவல் போடுகிற வேலை. பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டவே வேண்டாம், உள்ளே வியர்த்து அழுகிவிடும்.

உன் மரம் குட்டைதான் என்பதால் வலையும் போடலாம், ஆனால் வலையின் கண், அதாவது ஓட்டை, எவ்வளவு பெரிது என்று பார்த்து வாங்கு. பெரிய கண் வலையில் பறவையின் காலும் வௌவாலின் இறக்கையும் சிக்கிக்கொள்ளும், பாம்புகூட மாட்டிச் செத்துப்போகும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பரிலிருந்து, வீட்டுப் பழமரத்துக்குப் போடுகிற வலையின் கண் இழுத்துப் பிடித்தாலும் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. விரல் நுழைகிற வலை வேண்டாம் என்று வைத்துக்கொள். மரத்தின் மேல் அப்படியே போர்த்தினால் கிளி வெளியே உட்கார்ந்து வலை வழியாகவே கொத்தும். நாலு கம்பு நட்டு, மரத்தைத் தொடாமல் கட்டி, அடிப்பக்கத்தையும் மூடிவிடு. பூ இருக்கும்போது போட்டுவிடாதே, தேனீ உள்ளே போக வேண்டாமா?

இன்னொன்று, கொய்யா மரத்திலேயே கனியட்டும் என்று காத்திருக்காதே. பச்சை வெளுத்துச் செங்காயானதும் பறித்துவிடு, வீட்டில் பழுத்துக்கொள்ளும். மாதுளை அப்படியில்லை, பறித்த பிறகு பழுக்காது. அதனால் என் பைகளில் பாதி மாதுளைக்கே போய்விடும். கொய்யாவின் உச்சிக் கிளையை நான் தொடுவதே இல்லை. ஏறி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வதற்குக் கிளி தின்றுவிட்டுப் போகட்டும். ஆனால் வௌவால் கடித்த பழத்தை, கடித்த இடத்தை நறுக்கிவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைக்காதே. நிபா வைரஸ் அப்படியும் பரவலாம், தூக்கி எறிந்துவிடு.

இப்போது உன் தயிர். பாலிலேயே கொய்யாக் கூழைக் கலந்து உறை ஊற்றியிருக்கிறாய், அது எப்படித் தோயும்? பழத்தின் புளிப்பு பாலைத் திரிக்கும், பழத்தின் தண்ணீர் தயிரை நெகிழ்த்தும். வெறும் தயிராகத் தோய்த்து, குளிரவைத்து, சாப்பிடுகிற நேரத்தில் விதை நீக்கிய கூழைக் கலந்துகொள். அன்னாசியோ கிவியோ என்றால் லேசாக வேகவைத்து ஆறிய பிறகுதான் போட வேண்டும். பச்சையாகப் போட்டால் அதிலுள்ள நொதி பால் புரதத்தை அரித்துத் தயிரைக் கசக்க வைத்துவிடும்.

தயிருக்குப் பால் காய்ச்சும்போது, பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்துவிடாதே. சிறு தீயில் 10 நிமிடம் கிண்டிக்கொண்டே இரு. 85 டிகிரி வாக்கில் சிறிது நேரம் இருந்தால், தண்ணீரோடு பிரிந்து போகிற புரதமும் பாலின் முக்கியப் புரதமான கேசீனோடு ஒட்டிக்கொள்ளும், தயிர் கெட்டியாக நிற்கும். பிறகு 43, 45 டிகிரிக்கு ஆறட்டும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உறை போதும். அதிகம் ஊற்றினால் சீக்கிரம் புளித்துத் திப்பிதிப்பியாகிவிடும்.

உங்கள் வீட்டுக் குளிர்தான் மீதிப் பிரச்சினை. தயிரைத் தோய்க்கிற முக்கியமான பாக்டீரியாக்கள் இரண்டு, ஒன்று இன்னொன்றுக்குத் தீனி கொடுத்து வளர்க்கும். அதில் ஒன்றை 1905-இல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்கிற பல்கேரிய மாணவர் கண்டறிந்தார், பெயரிலேயே பல்கேரிகஸ் என்று நாட்டை ஒட்டவைத்துவிட்டார்கள். இரண்டுக்கும் 40 டிகிரிக்கு மேல்தான் சுறுசுறுப்பு. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, சூடாக்காத ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு வை. இல்லையென்றால் வெந்நீரில் கழுவிய பிளாஸ்கில் ஊற்றிவிடு. ஆகிவிட்டதா என்று மூடியைத் திறந்து குலுக்கிப் பார்க்கிற வழக்கத்தை விட்டுவிடு. கட்டிக்கொண்டு வருகிற நேரத்தில் ஆட்டினால் உடைந்து நீர்விடும். அந்த நீரையும் கொட்டாதே, மாவு பிசையலாம்.

இவருக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மாடி ஏறும்போது மட்டும் முனகல். உன் பேத்தி நீச்சலில் சேர்ந்ததை எழுதியிருந்தாய், நீதான் தண்ணீரைக் கண்டால் ஓடுவாயே!

திரைத்துணி நிறைய மிச்சம் இருக்கிறது. உன் கொய்யா முற்றும்போது உள்ளங்கை அளவா, அதைவிடப் பெரிதா என்று எழுது, அதற்கேற்றபடி தைத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
வசந்தா