‘கிவன் மீ’ சரிதான், மாப்பிள்ளை

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மூலத்தறை தடுப்பணையிலிருந்து தண்ணீர் விட்டிருக்கிறார்கள். வயல்காரர்களுக்குத் தெம்பு வந்துவிட்டது.

சரி, நீ கேட்ட விஷயம். உன் வகுப்பில் அந்தப் பெண் எழுதிய வாக்கியத்தை அடித்துவிடாதே. ‘திஸ் இஸ் த பென் கிவன் மீ பை மை அங்கிள்.’ இதில் ஒரு குறையும் இல்லை. ‘டு’ விட்டுப்போச்சு என்று உன்னோடு வேலை பார்ப்பவர் வட்டம் போட்டிருக்கிறார். அந்த வட்டம்தான் தப்பு. ‘கிவன் டு மீ’ என்பதும் சரி, இன்றைக்கு அதுதான் அதிகம் புழங்குகிறது. ‘கிவன் மீ’ கொஞ்சம் பழைய எழுத்து நடை, அவ்வளவுதான்.

‘டு’ இல்லாமல் அது எப்படி நிற்கிறது என்று கேட்டிருந்தாய். நமக்கு ‘எனக்கு’ என்பதில் ‘கு’ ஒட்டியே இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷிலும் அப்படித்தான் வேற்றுமை உருபு இருந்தது. ‘ஹிம்’ என்றாலே அப்போது ‘அவனுக்கு’. ‘அவனை’ என்பதற்கு ‘ஹினே’ என்று வேறொரு வடிவம் இருந்தது. காலப்போக்கில் ‘ஹினே’ போய்விட்டது, ‘ஹிம்’ இரண்டு வேலையையும் எடுத்துக்கொண்டது. ஆகவே ‘கிவன் ஹிம்’ என்று எழுதுகிறவர் எதையும் விட்டுவிடவில்லை. அந்த ‘கு’ ‘ஹிம்’முக்குள்ளேயே இருக்கிறது.

நம் தமிழ்நாடு-கேரள எல்லைப் பிள்ளைகளுக்கு உண்மையான சிக்கல் இதில் இல்லை, சொல் நிற்கும் இடத்தில் இருக்கிறது. வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம். ‘துபாயிலிருந்து எனக்கு மாமா அனுப்பிய சட்டை’, ‘எனக்கு மாமா துபாயிலிருந்து அனுப்பிய சட்டை’, எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் கெடாது, உருபு காப்பாற்றிவிடும். மலையாளத்திலும் அதே கதைதான். இங்கிலீஷில் உருபு உதிர்ந்துபோனதால் இடம்தான் உருபு. ‘எ ஷர்ட் சென்ட் மீ ஃப்ரம் துபாய் பை மை அங்கிள்’ என்றால் சரி. ‘சென்ட் ஃப்ரம் துபாய் மீ’ என்று எழுதினால் வாக்கியம் உடைந்துவிடும். ‘மீ’ வினையை ஒட்டியே உட்கார வேண்டும். ‘ஃப்ரம்’, ‘பை’, ‘ஆன்’ என்று தொடங்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான். என்னிடம் சாயங்காலம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கிறேன்.

இன்னொன்று, ‘மீ’, ‘ஹிம்’, ‘அஸ்’ மாதிரி சின்னச் சொல்லுக்குத்தான் இந்தச் சலுகை. அழுத்தம் இல்லாத சொல் என்பதால் வினையோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். அந்த இடத்தில் ஒரு ஆளின் பேரையோ ‘மை பிரதர்’ என்பதையோ வைத்துப் பார், நாக்கு தடுக்கும். அங்கே ‘டு’ போடுவதுதான் நல்லது.

எல்லா வினையும் இதற்கு வராது என்பதையும் உன் வகுப்பில் சொல். முதலில் நேர் வாக்கியமாக்கிப் பார்க்கச் சொல். ‘ஹி டோல்ட் மீ எ ஸ்டோரி’ வரும், அதனால் ‘எ ஸ்டோரி டோல்ட் மீ பை மை கிராண்ட்மதர்’ என்பதும் வரும். சென்ட், ஷோன், லென்ட், டாட், லெஃப்ட் எல்லாம் இந்தக் கூட்டம். அப்பா விட்டுப்போன நிலத்தை ‘த லேண்ட் லெஃப்ட் மீ பை மை ஃபாதர்’ என்று எழுதலாம். ஆனால் ‘எக்ஸ்பிளெய்ன்ட் மீ’ கூடவே கூடாது. ‘சார் எக்ஸ்பிளெய்ன்ட் மீ த லெஸன்’ நம் பக்கத்தில் பெரியவர்கள் வாயிலேயே வருகிறது. சிவப்பு மையை அதற்கு வைத்துக்கொள்ளச் சொல் உன் நண்பரை. எக்ஸ்பிளெய்ன், டிஸ்கிரைப், சஜஸ்ட் மூன்றுக்கும் ‘டு’ கட்டாயம்.

இதை எழுதும்போது தொல்காப்பியம் ஞாபகம் வருகிறது. ‘தா’ என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும், ‘கொடு’ என்பது படர்க்கைக்கும் என்று சொல்லதிகாரம் பிரித்து வைத்திருக்கிறது. தமிழ்ப் பேச்சில் நாம் அதை விட்டுவிட்டோம், ‘எனக்குக் கொடுத்தார்’ என்று தாராளமாகச் சொல்கிறோம். இங்கே பக்கத்துக் கடைக்கார மலையாளிக்கு அது வராது. எனக்கு என்றால் ‘தந்நு’, அவனுக்கு என்றால் ‘கொடுத்து’. படிக்காதவர்கூட மாற்றிச் சொல்வதில்லை. யாருக்குப் போகிறது என்பதை நாம் பேரில் ஒட்டிய ‘கு’வில் காட்டுகிறோம், மலையாளி வினையிலும் சேர்த்துக் காட்டுகிறார், இங்கிலீஷ்காரர் சொல் நிற்கும் இடத்தில் காட்டுகிறார். இந்த ஊரில் இருந்துகொண்டு மூன்றையும் ஒரே நாளில் காதால் கேட்க முடிகிறது என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

அந்தப் பெண்ணுக்கு முழு மதிப்பெண் போடு. வகுப்பிலும் அவள் வாக்கியத்தைப் போர்டில் எழுதிக் காட்டு, சரி என்று எல்லோருக்கும் தெரியட்டும். உன் நண்பர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு வா. பொள்ளாச்சியிலிருந்து பஸ் இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில்தான்.

அன்புடன்,
உன் மச்சான்