நாணயப் புத்தகம் தேவையில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பொழுதுபோக்குப் பக்கத்தில், "பழைய காசு சேர்ப்பவர்களுக்கு இனிப் புத்தகம் தேவையில்லை; கைப்பேசியில் படம் எடுத்தால் விலை வந்துவிடும்" என்று ஒரு வரி கண்டேன். விலை வரும், ஐயா. ஐந்து ரூபாய்க் காசுக்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று நீங்களும்தான் செய்தி போட்டீர்கள். பழைய காசு விற்பனையில் தன் பெயரைச் சொல்லி மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கி 2021-ல் எச்சரித்ததே, அதற்கு மட்டும் உங்கள் பக்கங்களில் இடம் இல்லாமல் போயிற்று.

என்னிடம் ஒரு செப்புக் காசு உண்டு. ஒரு பக்கம் நிற்கும் அரசன். மறுபக்கம் படுத்திருக்கும் காளை, அதன் கீழே தேய்ந்துபோன 'சேது' என்ற எழுத்து. பேரன் படம் பிடித்தான். 'சோழர்' என்று சொல்லி விலையும் போட்டது கைப்பேசி. இந்த வகைக் காசை ராமநாதபுரம் சேதுபதிகளுடையது என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளுடையது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். அந்த வழக்கு முழுவதும் பழைய புத்தகங்களில்தான் கிடக்கிறது. அன்று அவற்றில் படமாக அச்சான காசுகளில் எத்தனையோ தட்டார் உலைக்குப் போய்விட்டன. படத்தாளில் இருப்பதுதான் மிச்சம்.

அந்தப் படத்தாள்களை எங்கள் மலை எப்படி வைத்திருக்கிறது தெரியுமா? இங்குள்ள ஒரு நூலகத்தில், வால்டர் எலியட் தென்னிந்திய நாணயங்களைப் பற்றி எழுதிய நூலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஆடி மாத ஈரத்தில் பூஞ்சணம் ஏறி, படங்களின் மேலிருந்த மெல்லிய தாள் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்தால் காளையின் பாதி தாளோடு வருகிறது. படம் எடுத்துக்கொள்கிறேன் என்றால், "காப்புரிமை இருக்கிறது" என்றார் பொறுப்பாளர். எலியட் இறந்தது 1887-ல். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்தால் உரிமை தீர்ந்தது என்கிறது நம் சட்டம். பூஞ்சணத்துக்கு மட்டும் யாரும் அனுமதி மறுக்கவில்லை.

இதைவிடக் கொடுமை, பழைய பங்களா ஒன்றைக் காலி செய்தபோது அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் எடைக்குப் போனது. அதைப் பற்றி அன்று உங்களுக்கு எழுதினேன். நீங்கள் வெளியிடவில்லை, போகட்டும்.

அமெரிக்காவில் 106 வயது வரை வாழ்ந்த எரிக் நியூமன் என்ற நாணய ஆய்வாளரின் பெயரால், செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் நாணய நூல்களை மின்னுருவாக்கி இலவசமாகத் தருகிறது. நம்மிடமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது. கொடுப்பதற்குத்தான் ஆள் இல்லை. கொடுக்கிறவர்களும் கருப்பு வெள்ளை நகலாகக் கொடுத்துவிடுகிறார்கள்; காசெல்லாம் மைத்துளியாகிவிடுகிறது. மடித்த படத்தாளை விரிக்காமலே பிடித்த நகல்களையும் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. உங்கள் இதழிலேயே முன்பு நாணயத் தொடர் ஒன்று வந்தது, நினைவிருக்கும். பைண்டு செய்த தொகுதிகள் உங்கள் அலுவலகத்தில் இருக்கத்தானே வேண்டும்? அவற்றை வண்ணத்தில், நல்ல துல்லியத்தில் நகலெடுத்து அந்த மின்நூலகத்துக்குத் தாருங்கள். என்னிடம் உள்ள கத்தரிப்பில் மூன்றாம் பகுதி இல்லை. அதை மட்டுமாவது ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினால், தபால் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
குன்னூர்.