தேவகோட்டையில் கடை போடும் தம்பிக்கு

தம்பி,

தேவகோட்டையில் சொந்தமாக டிவி ரிப்பேர் கடை போடுகிறாய் என்று பார்சல் கொண்டுவரும் பையன் சொல்லித்தான் தெரிந்தது. நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகட்டும். நான் எழுத உட்கார்ந்தது ஒரு முடிவைச் சொல்ல. இனிமேல் 50 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவியின் பேக்லைட் வேலையை, அதாவது திரைக்குப் பின்னால் எரியும் எல்இடி பல்புகளை மாற்றுவதை, நான் எடுப்பதில்லை. 43 வரை தனி ஆளாகச் செய்துவிடலாம். 55 இன்ச் பேனல், அதாவது திரைக் கண்ணாடி, 122 சென்டிமீட்டர் நீளம், 68 சென்டிமீட்டர் அகலம். கனமோ இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டு பேர் தூக்க வேண்டிய சாமான் அது, அதுவும் ஒருவர் கை போகிற போக்கு இன்னொருவருக்குச் சொல்லாமலே தெரிகிற இரண்டு பேர். உனக்குப் பிறகு என்னிடம் வேலைக்கு வந்த பையன்கள் யாரோடும் எனக்கு அது அமையவில்லை.

அதனால் காரைக்குடியில் என்னைத் தேடி வருகிறவர்களிடம் உன் நம்பரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் கொடுத்ததற்கு மன்னித்துக்கொள். ஆனால் நீ போனை எடுத்தால்தானே கேட்க முடியும்? பொதுவில் எழுதுவதும் அதனால்தான். தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளும் படிக்கட்டும். வாடிக்கைக்காரர்களும் படிப்பார்கள் என்பதால் எந்த வீடு, எந்த ஊர், எந்தக் கம்பெனி செட் என்பதை மட்டும் எழுதப்போவதில்லை.

சத்தம் வருகிறது, படம் இல்லை, சாய்வாக டார்ச் அடித்தால் மங்கலாக உருவம் தெரிகிறது என்றால் பேக்லைட் போய்விட்டது என்பது உனக்குத் தெரியும். கழற்றவும் தெரியும். நீ கற்றுக்கொள்ளாமல் போனது அளந்து பார்ப்பதும், ஏன் போனது என்று தேடுவதும்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு முதலில் பெரிய கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய். 230 வோல்ட் சப்ளையில் அதற்குள் 325 வோல்ட் டிசி நிற்கும், பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் சுற்று) உள்ள போர்டில் 400-ஐ ஒட்டி வரும். தெரிந்ததுதான், இருந்தாலும் இதைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனசு வரவில்லை. பிறகு பவர் போர்டிலிருந்து பேனலுக்குள் போகும் எல்இடி கனெக்டரைக் கழற்றி, பேக்லைட் டெஸ்டரை வை. எரிகிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு எடுத்துவிடாதே, எத்தனை வோல்ட் என்று படி. பல்பில் 3 வோல்ட், 6 வோல்ட் என்று இரண்டு வகை உண்டு; 6 வோல்ட் பல்புக்குள் இரண்டு சிப் தொடராக இருக்கும். ஒரு ஸ்ட்ரிப்பில் (பல்புகளை வரிசையாகப் பதித்த பட்டையில்) 6 வோல்ட் பல்பு ஆறு இருந்தால் 36-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 30 காட்டினால் ஒரு பல்பு ஷார்ட், அதாவது உள்ளுக்குள் இரு முனையும் ஒட்டிவிட்டது. ஒன்றுமே எரியாமல் டெஸ்டர் தன் முழு வோல்ட்டையும் காட்டினால் எங்கோ ஓப்பன், அதாவது இணைப்பு அறுந்திருக்கிறது. அப்போது முனையைக் கையால் தொடாதே, 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

ஓப்பன் ஆனால் சீரிஸில் இருக்கிற வரிசை முழுக்க இருட்டு. ஷார்ட் ஆனால் அந்த ஓர் இடம் மட்டும் இருட்டுத் திட்டு. ஆன் செய்ததும் ஒரு நொடி வெளிச்சம் வந்து அணைந்தால் பல்புகளுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் சுற்று புரொடெக்ஷனுக்குப் போகிறது, அதாவது தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. வெள்ளையாகப் பளிச்சென்று ஒரு வட்டம் தெரிந்தால் பல்புக்கு ஒன்றும் இல்லை. மேலே இருந்த லென்ஸ் பசை காய்ந்து கழன்று கீழே கிடக்கும். படம் முழுக்கக் கத்தரிப்பூ நிறத்தில் ஓடினால், பல்பின் மேலிருக்கும் மஞ்சள் பாஸ்பர் பூச்சு கெட்டுவிட்டது. வெள்ளை எல்இடி என்று நாம் சொல்வது உள்ளே நீல எல்இடிதான். அந்த நீலத்தைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2014-இல் ஜப்பானில் பிறந்த மூன்று பேருக்கு இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். மேல்பூச்சு போனால் நீலம் வெளியே வந்துவிடும். அந்த செட்டில் ஒரு பல்பு மாற்றிப் பிரயோஜனமே இல்லை.

இப்போது நமக்குள் சண்டையாக இருந்த விஷயத்துக்கு வருகிறேன். "அண்ணன் ஒரு பல்பு போனாலும் முழு ஸ்ட்ரிப் செட்டை மாத்திக் காசைப் பிடுங்குவார்" என்று கஸ்டமர் முன்னாலேயே சொன்னாய். அதை நான் மறக்கவில்லை. எல்லாப் பல்பும் ஒரே கரண்டில், ஒரே சூட்டில், ஒரே மணிக்கணக்கு எரிந்தவை. ஒன்று போனால் மற்றதும் வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம். புதுப் பல்பைப் பழைய வரிசையில் நட்டால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று நிற்கும், வெள்ளை நிறமும் ஒத்துப்போகாது. அடுத்த பல்பு போகும்போது அதே பேனலை மறுபடி தூக்க வேண்டும். ஒவ்வொரு தடவை தூக்குவதும் பேனலுக்கு ஒரு கண்டம். கஸ்டமருக்கு மிச்சம் பண்ணிக் கொடுப்பதாக நினைத்து அந்தக் கண்டத்தை அவர் தலையில் கட்டுகிறாய்.

செத்த பல்பைத் தாண்டிக் கம்பி போட்டு ஓட்டுகிற வேலையையும் விட்டுவிடு. டிரைவர் கரண்டை நிலையாக வைத்திருப்பதால் மற்றவை எரியும், உண்மைதான். ஆனால் பல சேனல் (தனித்தனி எல்இடி வரிசை) உள்ள போர்டில் ஒரு சேனலில் மட்டும் வோல்ட் குறைந்தால், மிச்ச வோல்ட்டை அந்தச் சேனலின் கரண்டைக் கட்டுப்படுத்தும் மாஸ்ஃபெட்டோ ஐசியோ தாங்கிச் சூடாகும். பல்பில் இருந்த கோளாறு போர்டுக்கு ஏறும்.

தனிப் பல்புதான் போட வேண்டிய கட்டாயம் என்றால் (ஸ்ட்ரிப் கிடைக்காத பழைய செட்டுகள் உண்டு) 3-க்கு 3, 6-க்கு 6 போடு. ஒரே வாட் கணக்கில் 3 வோல்ட் பல்புக்குக் கரண்ட் இரண்டு மடங்கு. அந்த இடத்தில் 6 வோல்ட் பல்பை வைத்தால் கருகிவிடும். லென்ஸை ஒட்ட ஃபெவிக்விக் மாதிரிப் பசையைத் தொடாதே. அதன் ஆவி லென்ஸின் உள்பக்கத்தில் வெள்ளையாகப் படியும். எப்பாக்சி போட்டு, மூன்று காலும் பழைய குழியிலேயே உட்காருகிறதா என்று பார். அரை மில்லி நகர்ந்தாலும் திரையில் நிழல் விழும்.

அந்தப் பெரிய வீட்டு வளவை, முற்றத்தைச் சுற்றிய அந்த இடத்தில் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. முன்னோருக்குப் படைக்கும் படைப்பு நெருங்குகிறது, டிவியை வெளியே அனுப்ப மாட்டேன் என்று ஆச்சி சொல்லிவிட்டார்கள். 65 இன்ச். ஆத்தங்குடிக் கல் தரையில், தூணுக்கு இந்தப் பக்கம், ஃபோம் விரித்துத் திறந்தோம். திரை ஓரச் சட்டமான பெசலும் ஃப்ரேமும் கழற்றியாகிவிட்டது. நாலு மூலையிலும் கண்ணாடியை உறிஞ்சிப் பிடிக்கும் வேக்கம் கப். கீழ் விளிம்பில் இருக்கும் இரண்டு சோர்ஸ் போர்டையும் (பேனலுக்குப் படச் சிக்னல் கொடுப்பவை) பேனலோடு சேர்த்து டேப் போட்டிருந்தோம். தூக்கி நெஞ்சுயரத்துக்கு வந்தபோது முற்றத்து வழியாகக் காற்று இறங்கியது. கீழே பெட்டியில் இருந்த, பேக்லைட் வெளிச்சத்தைப் பரப்பும் மேல் ஷீட் பட்டம் மாதிரி எழும்பியது. நீ தலையைத் திருப்பினாய். உன் பக்கத்து மூலை நாலு விரல் தாழ்ந்தது. நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்; அங்கே நின்றவர்களும் இதைப் படிக்கக்கூடும்.

அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் கத்தாமல் இருந்திருக்க முடியுமா, நீயே சொல்லு. பேனலையும் சோர்ஸ் போர்டையும் இணைக்கிற சிஓஎஃப் நகக் கனம்கூட இல்லாத ரிப்பன். போர்டின் எடை ஒரு நொடி அதில் தொங்கினால் போதும், கிழியும். ஒன்று கிழிந்தால் திரையில் நெடுக ஒரு பட்டை போய்விடும். ஒட்டுவதற்கு பாண்டிங் மெஷின் வேண்டும், நம்மிடம் ஏது? பேனல் வாங்கப் போனால் புது டிவி விலைக்குப் பக்கத்தில் வரும். அந்தச் சத்தத்தில் வேறு யாராக இருந்தாலும் பதறிக் கையை விட்டிருப்பார்கள். நீ பதறவில்லை. மூலையை நிதானமாகச் சமன் செய்தாய், என் அடியோடு அடி வைத்து வந்தாய், ஃபோமில் இறக்கினாய். நான் பார்த்த கைகளிலேயே நல்ல கை அது. அதை அப்போதே உன்னிடம் சொல்லவில்லை. நீயும் அந்த மாதக் கடைசியில் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாய். தொழிலைக் கற்றுக்கொடுத்தவனிடம் இப்படித்தான் போவதா?

பெரிய வீட்டில் வேலை வந்தால் வளவில் திறக்காதே. முற்றத்தை ஒட்டிய இடமே வேண்டாம். உள்ளறை ஒன்றைக் கேட்டு வாங்கு, ஃபேனை நிறுத்து, தரையை ஈரத்துணியால் துடைத்து, தூசி அடங்கும்வரை கொஞ்ச நேரம் சும்மா இரு. அவர்கள் அன்பாக ஜமுக்காளம் விரித்துத் தருவார்கள், வேண்டாம் என்று சொல். நூல் பிசிறு ஷீட்டில் ஒட்டினால் எடுக்கவே முடியாது. ஷீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரிக்காதே. தடித்த டிஃப்யூசர் பலகையும் அதற்குமேல் உள்ள இரண்டு மூன்று ஷீட்டும் சேர்ந்தபடியே, ஓரத்தில் டேப் போட்டு, மேல் இடது மூலையில் மார்க்கர் கோடு போட்டு, ஒரே கட்டாக எடு. பிரிஸம் ஷீட் தலைகீழாகப் போனால் வெளிச்சம் மாறிவிடும். எது மேல் என்று பிறகு உட்கார்ந்து தடவிப் பார்க்க வேண்டியிருக்கும். கையுறை போடு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் விரல் வியர்வை ஒரு சொட்டு போதும், படத்தில் கறையாகத் தெரியும்.

ரிஃப்ளெக்டர் வெள்ளைத் தாளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பின்களைப் பிடுங்காமல், பின்பக்கத்திலிருந்து அமுக்கி எடு. பழைய ஸ்ட்ரிப்பை ஹேர் டிரையரால் சூடாக்கிக் கழற்று. தகட்டில் மிச்சப் பசையை ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) போட்டுச் சுத்தமாகத் துடைத்த பிறகுதான் புதிதை ஒட்ட வேண்டும். ஸ்ட்ரிப்பின் சூடு தகட்டுக்குப் போவது அந்த ஒட்டு வழியாகத்தான். ஓரிடத்தில் தூக்கிக்கொண்டு நின்றால் அங்கிருக்கும் பல்புதான் முதலில் போகும். ஆர்டர் போடும்போது டிவி மாடல் நம்பரை நம்பாதே. ஒரே மாடலில் இரண்டு வகைப் பேனல் வருகிறது. ஸ்ட்ரிப்பில் அச்சிட்ட நம்பர், பல்பு எண்ணிக்கை, நீளம், பல்புக்குப் பல்பு இடைவெளி, கனெக்டர், ஸ்ட்ரிப் ஏ வகையா பி வகையா என்பதெல்லாம் ஒத்துப்போனால்தான் சென்னை ரிச்சி தெருக் கடைக்குச் சொல்லு.

இனி நீ தெரிந்துகொள்ளாமல் போன முக்கியமான பாகம். புது ஸ்ட்ரிப் செட் போட்டதும் பழைய கரண்டிலேயே விட்டால், பழையது எப்படிப் போனதோ அப்படியே இதுவும் போகும். எல்இடியின் மைனஸ் லைன் கிரவுண்டுக்குப் போகிற வழியில் சின்ன எஸ்எம்டி (போர்டின் மேலேயே ஒட்டிய) ரெசிஸ்டர்கள் மூன்று நாலு பேரலலாக இருக்கும். ஒரே மதிப்பில் நாலு இருந்து ஒன்றை எடுத்தால் கரண்ட் முக்கால் பங்காகும். மூன்றில் ஒன்றை எடுத்தால் மூன்றில் இரண்டு பங்கு. கண்ணுக்கு வெளிச்சக் குறைவு பெரிதாகத் தெரியாது, பல்பின் சூடு நன்றாகக் குறையும். வோல்ட்டை ஏற்றும் பூஸ்ட் மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் காலிலும் இதே மாதிரி ரெசிஸ்டர் இருக்கும், அதைத் தொடாதே. அது வேறு வேலைக்கு. அதை எடுத்தால் கரண்ட் குறையாமல் புரொடெக்ஷன்தான் முன்கூட்டி அடிக்கும். சில போர்டில் டிரைவர் ஐசியின் ஐசெட் காலில் ஒரே ரெசிஸ்டர்தான் கரண்டைத் தீர்மானிக்கும். அங்கே எடுக்கக் கூடாது, மதிப்பைக் கூட்டிப் போட வேண்டும். டேட்டாஷீட் பார்க்காமல் கை வைக்காதே.

பேனலை ஏற்றுவதற்கு முன் அரை மணி நேரம் வெறும் ஸ்ட்ரிப்பை எரியவிடு, நேராகப் பார்க்காதே. பேனலை ஏற்றி, பெசல் போடுவதற்கு முன் இன்னொரு தடவை படம் பார். மெனுவில் பேக்லைட் 100-இல் இருந்தால் 60-க்கு இறக்கிவிட்டுக் கொடு. பிரைட்னஸ் என்று இருப்பதை இறக்காதே, அது கறுப்பு அளவை மாற்றும். பல்புக்கு ஒன்றும் குறையாது. வருஷத்தில் நாலு நாள் திறக்கிற வீடுகளில், பூட்டிப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போகச் சொல். ஐப்பசி இடியில் போர்டு போவதை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்.

அடுத்த வாரம் உன்னிடம் ஒரு 55 இன்ச் வரும். ஏற்கெனவே யாரோ திறந்திருக்கிறார்கள். கீழ் பெசலில் இரண்டு லாக் உடைந்திருக்கிறது. டெஸ்டரில் இரண்டாவது சேனல் முதலாவதைவிட 12 வோல்ட் குறைவாகக் காட்டுகிறது, இரண்டு பல்பைத் தாண்டிக் கம்பி போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். முழு செட் என்று நான் விலை பேசிவிட்டேன், நீ மாற்றிப் பேசாதே. தூக்க ஆள் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள், காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன். வேக்கம் கப் நாலையும் நானே எடுத்து வருகிறேன், ரப்பர் புதிதாக மாற்றியது.

அன்புடன்,
அண்ணன்